முறையிடும் வாயில் எங்கே?

(குன்னூரில் நடைபெற்ற தமிழுணர்வாளர் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்.)



இம்மேடையில் யான் வழக்கமாகச் சொல்லாய்வு பேசுபவன். ஒரு வேர்ச்சொல்லை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டிவிடுவேன் என்று நண்பர்கள் என்னை நகையாடுவதும் உண்டு. இன்று வேர்ச்சொல்லை விடுத்து ஒரு மடலைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். அஃது ஆறே வரிகொண்ட ஆங்கில மடல்.

பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் அம்மையார் ஒருவர். அவர் மகன் பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் தமிழ் பயின்றவன். இப்போது திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கின்றான். ஒரு மழைநாளில் சரிவில் கால் வழுக்கி விழுந்த அந்த அம்மையார்க்கு வலக்கை மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிற்று, ஆனால் கோணலாகக் கூடிற்று. விரல்கள் மடங்குகின்றன, ஆனால் இறுகப் பற்றா. குடத்தைத் தூக்கலாம், கொழுந்துக் கத்தரியைப் பிடிக்க இயலாது. உறுப்புக்குறைச் சான்று வேண்டியும் திங்கள்தோறும் வழங்கும் தொகை வேண்டியும் எழுதிக் கொடுத்தார். மருத்துவர் பார்த்தனர், அளந்தனர். சில திங்கள் கழித்து அந்த ஆறு வரி மடல் வந்தது.

அதை அவர் என்ன செய்தார் தெரியுமா? அரசு முத்திரையிட்டு வந்த மடலாயிற்றே என்று வீட்டில் தெய்வப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். தொகை ஒப்பளிக்கப்பட்டுவிட்டது, பணம் பின்னால் வரும் என்று நம்பியிருந்தார். எட்டுத் திங்கள் கழிந்து, வேறொரு வேலையாக யான் அப்பக்கம் சென்றபோது அதை எடுத்துவந்து என் கையில் கொடுத்து, "காசு எப்ப வரும்னு இதுல போட்டிருக்காங்களா ஐயா?" என்று கேட்டார்.

படித்துப் பார்த்தேன். குறை முப்பத்தைந்து விழுக்காடு, உரிய அளவை எட்டவில்லை, ஆகலின் தகுதியில்லை. அவ்வளவே செய்தி. இதை எதிர்த்து முறையிடலாமா, எவரிடம் முறையிடுவது, எத்தனை நாளுக்குள் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. பின்னர் ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தமிழ்நாட்டு மண்ணில், தமிழ்நாட்டு அலுவலகத்திலிருந்து, தமிழன்றி வேறொன்றும் அறியாத தமிழச்சிக்கு ஆங்கிலத்தில் வந்த மறுப்பு மடல் எட்டுத் திங்களாக வழிபடப்பட்டிருக்கின்றது! மொழியுரிமை என்று நாம் மேடைகளில் முழங்குவதெல்லாம் இந்த ஆறு வரிகளில் வந்து நிற்கின்றது, தோழர்களே.

இனிச் சட்டம் என்ன சொல்கின்றதென்று பார்ப்போம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே எண்ணியது. அதன் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்றுக்கொண்டது. 2017 ஏப்பிரல் 19 முதல் நடப்புக்கு வந்தது. நாற்பது விழுக்காடு என்பது அச்சட்டத்தின் எல்லைக்கோடு. அக்கோட்டுக்கு இப்பால் இருப்பவர்க்கு ஏறத்தாழ எல்லாக் கதவும் அடைப்பு. அப்பால் இருப்பவர்க்குச் சில கதவுகள் திறப்பு. ஒன்றிய அரசின் ஓய்வூதியத் திட்டத்திற்கோ எண்பது விழுக்காடு வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். அத்தனையும் இருந்தால் ஒன்றிய அரசு தருவது திங்களுக்கு 300 உருபா. 2012-இல் வைத்த அந்த முந்நூற்றை இன்னும் உயர்த்தவில்லை. தமிழ்நாட்டரசு தன் பங்கைச் சேர்த்துத் தருவதால்தான் 2023 சனவரி முதல் அது 1,500 உருபாவாக இருக்கின்றது. கடுமையாகத் தாக்குற்றோர்க்கான பேணுதல் தொகை 2,000 உருபாவாயிற்று.

இந்தக் கோடுகளில் எவர் எப்பக்கம் நிற்கின்றார் என்று தீர்மானிப்பது மருத்துவச் சான்று. அச்சான்றில் குறை கண்டவர் மேல்முறையீடு செய்யலாமென்று அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவு கூறுகின்றது. இரண்டே உட்பிரிவுகள். எவரிடம் முறையிடுவது என்பதையும், எத்தனை நாளுக்குள், எம்முறையில் என்பதையும் மாநில அரசே வகுத்துக்கொள்ளலாமென்று விட்டுவிட்டது. இதை யான் குறையாகச் சொல்லவில்லை, நல்வாய்ப்பாகச் சொல்கின்றேன். தில்லியைக் கேளாமல் தமிழ்நாடு தானே செப்பஞ்செய்துகொள்ளத்தக்க இடம் இது. எதற்கெடுத்தாலும் தில்லி தடுக்கின்றது என்று சொல்லிப் பழகிய நமக்கு, இங்கே அவ்விடை செல்லாது.

இங்கேதான் என் பழைய நோய் சற்றே தலைகாட்டுகின்றது; பொறுத்துக்கொள்ளுங்கள். 'முறையீடு' என்பது எத்துணை அழகிய தூய தமிழ்ச்சொல்! முறை என்பது ஒழுங்கு. முறை என்பது உறவு. முறை என்பது தவணை. எல்லாவற்றுக்கும் மேலாக முறை என்பது அறங்காத்தல். முறை கேட்டு வந்தவனுக்கு முறை செய்தலே அரசனின் தொழில். அதனாற்றான் கன்றிழந்த ஆவுக்காகத் தன் மகனையே தேர்க்காலிலிட்ட சோழனை முறைசெய்தவன் என்றது தமிழுலகு. அவனுக்கு 'மனுநீதி' என்று பின்னையோர் ஆரிய முத்திரை குத்தியது தனிக்கதை. வழக்குக்கு வந்த அவ்வாவுக்குப் பேச்சே இல்லை. மணியை அசைக்க மட்டும் தெரிந்தது. மணியின் ஒலியையே வழக்குரையாக ஏற்றுக்கொண்டான் அரசன். எந்தப் படிவத்தில் எழுதி வந்தாய் என்று கேட்கவில்லை.

கண்ணகி கதையையும் இந்நோக்கில் எண்ணிப் பாருங்கள். கோவலன் மீது வந்த தீர்ப்பு எப்படிப்பட்டது? உசாவல் இல்லை, மறுப்புரை கேட்கவில்லை, கரணியம் எழுதப்படவில்லை. தொழில் அறிந்தவன் என்பதால் பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டும் கொண்டு முடிந்துபோன தீர்ப்பு. அத்தீர்ப்பின் மேல்தான் கண்ணகி முறையிட வந்தாள். மதுரையின் பெருமை தீர்ப்பில் இல்லை; வாயிலில் இருக்கின்றது. கலைந்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாக வந்து நின்றவளை வாயிற்காவலன் விரட்டவில்லை. உடனே உள்ளே சென்று அரசனிடம் உரைத்தான். அரசன் உடனே அழைத்தான். அவள் தன் மொழியில் வழக்குரைத்தாள். அவன் அதே மொழியில் விடை சொன்னான். சான்றுப்பொருள் அவையிலேயே உடைத்துக் காட்டப்பட்டது. பிழையென்று கண்டதும் அரசன் அதை ஒப்புக்கொண்டான், உயிரையே விட்டு. இன்றைய அலுவலரெவரும் உயிர்விட வேண்டுவதில்லை. வாயிலைத் திறந்துவைத்து, மறுமொழியைத் தமிழிற் சொன்னாற் போதும்.

பழம்பெருமை பேசும்போது மறுபக்கத்தையும் பேச வேண்டும். புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எட்டு வகைக் குறைப்பிறப்புகளை எண்ணிச் சொல்கின்றார். எண்ணிக்கையில் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவர் விஞ்சிவிட்டாரே என்று மாணவர்களிடம் நகைப்பாகச் சொல்வேன். ஆனால் அப்பாட்டில் அவர்களுக்குச் சிறப்பொன்றும் சொல்லப்படவில்லை. பயனற்ற பிறப்புகளாகவே எண்ணப்படுகின்றனர். அதை மறைத்துப் பேசுவது புலமையாகாது. வள்ளுவரோ 618-ஆம் குறளில், பொறியின் குறை எவர்க்கும் இழுக்காகாதென்றும், அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே இழுக்கென்றும் வேறு வழி காட்டினார். 'பொறி' என்பதற்கு ஊழ் என்று பரிமேலழகர் உரைகண்டார். உறுப்பென்று கொள்வாரும் உளர். யான் அவர் பக்கம்.

சொல்லென்றதும் இன்னொன்று. 'ஊனம்' எனும் வடசொல்லை விலக்கி 'மாற்றுத்திறனாளி' என்று 2010-இல் தமிழ்நாட்டரசு பெயர் சூட்டியது. ஒன்றிய அரசோ 2016-இல் தன் துறையின் பெயரோடு 'திவ்யாங்சன்' என்ற சொல்லைச் சேர்த்தது. தெய்வ உறுப்பினர் என்பது பொருளாம். குறையுடையார் உரிமைகளுக்கான ஒன்றிய நாடுகள் அவைக் குழுவே, 2019-இல் இந்தியாவைப் பற்றிய தன் கருத்துரையில், இச்சொல் இன்னும் கருத்து வேறுபாட்டுக்குரியதென்று குறித்தது. தெய்வம் என்று கும்பிட்டுவிட்டு முந்நூறு உருபாவை எட்டி எறிவது என்ன வழக்கமோ! அட்டைக்குப் பதிய வேண்டிய இணையத்தளத்தின் பெயர் 'சுவாவலம்பன்'. எங்கள் பணியர் பாடியில் ஒருமுறை இப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

தமிழ்நாட்டரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர்க்குத் திங்கள்தோறும் 1,000 உருபா வழங்கத் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத்தொகை' என்று பெயரிட்டீர்கள். மனமாரப் பாராட்டுகின்றேன். கைகால் இயங்காதவர்க்குத் தருவது மட்டும் ஏன் இன்னும் 'உதவித்தொகை'யாகவே இருக்கின்றது? உதவி கேட்பவன் கையேந்துகின்றான். இல்லையென்றால் திரும்பிப் போகின்றான். உரிமை கேட்பவனோ ஏன் இல்லையென்று கேட்கலாம். மேல்முறையீடு என்ற ஒன்று உண்டாவதே உரிமையென்று ஒப்புக்கொண்ட பின்னர்த்தான். அந்த உரிமைத்தொகைத் திட்டத்தில் அரசு செய்ததைப் பாருங்கள். மறுக்கப்பட்டவர்க்கு அவர்தம் கைப்பேசிக்கே செய்தி சென்றது. முப்பது நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாமென்று அறிவித்தார்கள். இ-சேவை நடுவங்களிலேயே பதியச் செய்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் இரண்டாங்கட்டமாக ஏழிலக்கத்துக்கும் மேற்பட்ட மகளிர் புதிதாகச் சேர்க்கப்பட்டனர். ஆக, வழி தெரியாததன்று, செய்து பார்த்ததுதான். அவ்வழியைக் குறையுடையாருக்கும் திறந்துவிட எவர் தடுக்கின்றார்?

இம்மலைக்கென்றே உரிய ஒரு நோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குருதியணுக்கள் வட்டமாக இருப்பதை விட்டு அரிவாள் வடிவாக வளைந்து, நுண்குழல்களை அடைத்துக்கொள்ளும் நோய். அரிவாளணுச் சோகை என்கிறோம். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் நீலமலையிற்றான். 1952-இல் இலேமன், கட்புசு எனும் ஆய்வாளர் இங்குள்ள பழங்குடி மக்களிடம் கண்டு எழுதினர். அதற்குப்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியே, 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை இருபத்தொரு குறைகளுள் ஒன்றாக ஏற்றது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் பழங்குடி நலன் கருதி மருத்துவர் சிலர் இடைவிடாது உழைத்திராவிட்டால் இந்நோயின் பெயர்கூட இங்கே பலர்க்குத் தெரிந்திராது.

இந்நோயின் கொடுமை கண்ணுக்குத் தெரியாது. குளிரிலும் நீர் குறைந்தாலும் கடும் உழைப்பிலும் வலி கிளம்பும். நம் மலையின் குளிரைப் பற்றி யான் உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. வலி கிளம்பிய நாளில் அவன் பாயிற் சுருண்டு கிடப்பான். மருத்துவக் குழுவின் முன் எப்படி வந்து நிற்பான்? வலியில்லாத நாளில்தான் பேருந்தேறி வருவான். அன்று அவனைப் பார்ப்பவர்க்கு, கையும் காலும் நன்றாயிருக்கும் இளைஞன் ஒருவன் சான்று கேட்டு நிற்பதாகவே தோன்றும். கண், காது, கைகால் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவன் குறையுடையவனாகத் தோன்றுவது அரிது. இத்தகையோர்க்குத்தான் மேல்முறையீடு உயிர்நாடி. மூன்றாண்டு மருத்துவமனைச் சீட்டுகளை அடுக்கிவைத்து, அவன் வேலைக்குச் செல்லாத நாள்களைத் தோட்டத்துப் பெயரேட்டில் எண்ணிப் பார்த்து, ஒருவர் அமர்ந்து கேட்டாலன்றி உண்மை வெளிப்படாது. பத்து நிமையப் பார்வையில் முடியும் செய்தியன்று இது.

மருத்துவரை யான் குறைகூறவில்லை. அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கின்றது. அதன்படி கோணம் அளக்கின்றார், விழுக்காடு எழுதுகின்றார். குறை பட்டியலில் இருக்கின்றது. அது உடலை அளக்கின்றது. அவ்வுடல் செய்யும் தொழிலை அளப்பதில்லை. தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அத்தகைய பட்டியல் ஒன்று இருந்தது. ஆள்காட்டிவிரல் முழுதும் போனால் பதினான்கு விழுக்காடு. கட்டைவிரல் போனால் முப்பது. இவ்விரண்டு விரல்களாலேயே ஈரிலையும் ஒரு மொட்டும் கிள்ளி வாழ்ந்த பெண்ணுக்கு அக்கணக்கு எப்படிப் பொருந்தும்? இடக்கையை முழங்கைக்கு மேலே இழந்த தச்சர் ஒருவரின் வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது; ஆகலின் அவர்க்கு இழப்பு நூறு விழுக்காடே என்று 1975-இல் அம்மன்றம் தீர்ப்புரைத்தது. தொழிலை வைத்து இழப்பை அளக்கும் அறிவு நம் சட்டத்துக்கு ஐம்பதாண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டது. உறுப்புக்குறைச் சான்றுக்கு மட்டும் அது வரவில்லை.

ஆளுக்கொரு கணக்கென்றால் ஒழுங்கு கெடுமே என்று அலுவலர் சொல்வர். அதிலும் உண்மையுண்டு. ஆகவே முதல் அளவையில் பட்டியல் இருக்கட்டும். மேல்முறையீட்டிலாவது ஆளைப் பார்க்கட்டும் என்கின்றேன். அங்கே முதலில் அளந்தவரோ அவர்க்குக் கீழ்ப்பட்டவரோ அமரலாகாது. புதிய மருத்துவர் ஒருவர், வருவாய்த்துறையின் அலுவலர் ஒருவர், அவர்களோடு குறையுடையாரிலிருந்தே ஒருவர் அமர வேண்டும். பிரித்தானியத்தில் இதுபோன்ற வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்தில் நடுவர், மருத்துவர், குறையுடைமை பற்றித் துய்த்தறிந்த உறுப்பினர் என்று மூவர் அமர்கின்றனர். அங்கே நேரில் கேட்கப்படும் முறையீடுகளில், அண்மை ஆண்டுகளில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முறையிட்டவர் பக்கமே முடிகின்றது. முதல் தீர்ப்பில் எத்துணைப் பிழை மலிந்திருக்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நேரில் கேட்பது ஒன்றே அவ்வளவு செய்கின்றது.

பிரித்தானியம் என்றேன், அதற்குள் வேல்சு என்றொரு சிறுநாடு உண்டு. மலையும் நிலக்கரிச் சுரங்கமும் ஆட்டுமந்தையும் கொண்ட நாடு. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வேல்சுமொழி பேசுவோர் ஐந்திலக்கத்து முப்பத்தெட்டாயிரம் பேர். மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும். 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேல்சில் நடக்கும் எந்தச் சட்ட நடவடிக்கையிலும், விரும்புவோர் தம் மொழியிலேயே பேசலாம். ஆங்கிலனின் வீட்டுக்குள்ளேயே ஐந்திலக்கம் பேர் பெற்ற உரிமையைத் தமிழ்நாட்டில் ஏழுகோடிக்கு மேற்பட்ட மக்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றோம்!

தோட்ட நேர்ச்சியில் உறுப்பிழந்த தொழிலாளி, இழப்பீட்டுத் தீர்ப்பின் மேல் முறையிட வேண்டுமானால் உயர்நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் வகுத்தது. அதுவும் சட்டம் பற்றிய முதன்மையான வினா எழுந்தாலன்றிக் கேளார்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு எனும் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கின்றது. உயர்நீதிமன்றத்தின் மொழியோ, அரசமைப்பின் 348-ஆம் பிரிவின்படி, ஆங்கிலம். அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழியைப் பயன்படுத்தலாமென்று இடந்தருகின்றது. அவ்வழியில் இராசத்தான் 1950-இலும், உத்தரப் பிரதேசம் 1969-இலும், மத்தியப் பிரதேசம் 1971-இலும், பீகார் 1972-இலும் இந்தியைத் தம் உயர்நீதிமன்றங்களில் அமர்த்திக்கொண்டன. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றியது. 2012-இல் உச்சநீதிமன்ற நடுவர்களின் முழு அவை அதனை ஏற்க மறுத்தது. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு அடைபட்டது. விரலிழந்த தொழிலாளிக்கு இது மொழிச்சிக்கல் மட்டுமன்று. தன் விரலைப் பற்றித் தன் முன்னால் என்ன பேசுகின்றார்கள் என்பதே தெரியாமல் நிற்கும் நிலை.

எழுத்துப் பிழையாலேயே திரும்பி வரும் விண்ணப்பங்கள் வேறு. அழகம்மாள் என்றொரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ழகரத்தை ஆங்கிலத்தில் ஓர் அலுவலகத்தார் இரண்டெழுத்தால் எழுதுவர். மற்றோர் அலுவலகத்தார் ஒற்றை லகரத்தால் எழுதுவர். ஆதார் அட்டையில் ஒன்று, மருத்துவச் சான்றில் மற்றொன்று, வங்கிக் கணக்கில் மூன்றாவது. கணினி மூன்று பேரைக் காண்கின்றது, வந்திருப்பவளோ ஒருத்தி. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களிலோ இச்சிக்கல் இரு மடங்கு. 1964-இல் சிறிமாவோவும் சாத்திரியும் செய்த ஒப்பந்தம் ஐந்தேகால் இலக்கம் பேரை, அவர்களைக் கேளாமலேயே, இந்தியாவுக்கென்று எழுதிவைத்தது. அவர்களுக்காகவே அரசு 1968-இல் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அது பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அன்று கொழும்பில் எழுதிய பெயர் ஒன்று, மண்டபம் முகாமில் எழுதிய பெயர் மற்றொன்று, தோட்டத்துக் கணக்கர் எழுதியது இன்னொன்று. தமிழிலேயே எழுதி, தமிழையே மூலமாகக் கொண்டு ஒப்பிட்டால் இந்த அழகம்மாள்கள் மூவரும் ஒரே நொடியில் ஒருத்தியாகிவிடுவர். இதற்குப் புதிய சட்டமொன்றும் வேண்டுவதில்லை. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே போதும்.

தொலைவைப் பற்றி ஒரு சொல். பந்தலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். கூடலூர் வந்து, நடுவட்டம் ஏறி, பைக்காரா கடந்து வர வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவுமில்லை. காலையில் யானை வழியில் நின்றால் பேருந்து புறப்படாது. இதைச் சமவெளி அலுவலரிடம் சொன்னால் கதை என்பர். உதகையில் 2025 ஏப்பிரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கின்றது, மகிழ்கின்றோம். ஆனால் நடக்க இயலாதவர் தாம் நடக்க இயலாதவர் என்று மெய்ப்பிக்க 75 கிலோமீட்டர் வர வேண்டுமென்பது என்ன முறை? மேல்முறையீட்டைக் கேட்பவர் திங்களுக்கொரு நாள் கூடலூருக்கோ பந்தலூருக்கோ வரட்டும். ஒரு நாட்கூலியை இழந்து, துணைக்கு வருபவரின் கூலியையும் இழந்து, வண்டிச் செலவும் செய்து வருபவரிடம் 'அடுத்த கிழமை வா' என்று சொல்வது எளிது.

ஏற்கெனவே பெற்றுவரும் தொகையை மறு ஆய்வென்று சொல்லி நிறுத்தினால், மேல்முறையீடு முடியுமட்டும் அதை நிறுத்தலாகாது. முறையீடு வென்றால் முதலில் எழுதிக் கொடுத்த நாளிலிருந்தே நிலுவை தர வேண்டும். இல்லாவிட்டால், காலந்தாழ்த்துவதிலேயே அலுவலகத்துக்கு ஆதாயம் என்றாகிவிடும்.

இங்கே தமிழுணர்வாளராகிய நம்மையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும், சிலர்க்குக் கசக்கலாம். மறுப்பு மடல் தமிழில் வர வேண்டுமென்கின்றோம். பணியர் பெண்ணுக்கும் காட்டுநாயக்கர் முதியவர்க்கும் அத்தமிழும் அலுவலக மொழிதானே? தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் பேசுபவை தமிழின் உடன்பிறந்த மொழிகள் என்று பாவாணர் வழியில் நாம் பெருமிதம் கொள்கின்றோம். உடன்பிறந்தாள் என்றால் அவள் பேச்சையும் கேட்க வேண்டும். முறையீட்டு அவையில் அவரவர் மொழி பேச ஒருவர் துணைநிற்க வேண்டும். தீர்ப்பை அவர்தம் மொழியில் வாய்விட்டுப் படித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்கு எதிராக நாம் எந்த அறத்தைக் கேட்கின்றோமோ, அதை நம்மிடம் அவர்கள் கேட்கும்போது முகஞ்சுளிக்கலாகாது.

அந்த அம்மையாரின் செய்தி என்னவாயிற்று என்று சிலர் கேட்பீர்கள். காலத்தாழ்ச்சியைப் பொறுத்தருள வேண்டுமென்று, கரணியத்தை விளக்கி, தமிழிலேயே மேல்முறையீடு எழுதிக் கொடுத்திருக்கின்றோம். கத்தரி பிடிக்க இயலாமையைத் தோட்டத்தில் உடன் வேலை செய்யும் நால்வர் எழுத்தில் கொடுத்திருக்கின்றனர். ஒப்புகைச் சீட்டு வந்திருக்கின்றது. அதாவது தமிழில் இருக்கின்றது. நாள் இன்னும் குறிக்கவில்லை. அதுவரை அவர் இடக்கையால் களையெடுக்கும் வேலைக்குச் செல்கின்றார். கொழுந்துக்குக் கிடைக்கும் கூடுதற்காசு அதில் இல்லை.

வெளியே மேசைமேல் முறையீட்டுப் படிவமொன்றின் தமிழ் வரைவை அடுக்கிவைத்திருக்கின்றோம். ஊருக்கு இரண்டென எடுத்துச் செல்லுங்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கொளப்பள்ளியில் ஆசிரியர் நால்வர் அமர்கின்றோம். வீட்டில் படத்துக்குப் பின்னாலோ அரிசிப் பானைக்குள்ளோ விளங்காத மடல் ஏதேனும் இருந்தால் எடுத்து வாருங்கள், படித்துச் சொல்கின்றோம். அஞ்சல் உறையையும் எறிந்துவிடாதீர்கள். அதன்மேல் இருக்கும் நாள்முத்திரைதான் முதலில் வேண்டும்.